பிரிவதற்கும் பேச வேண்டும்: சமரச மையத்து அறைக்குள் நடப்பது என்ன?

1999 ஏப்ரல் 25ஆம் தேதி, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. மறுநாளே இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் இடையே சண்டை. ஒருவர் மேல் ஒருவர் செருப்பை வீசிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது. 27ஆம் தேதி மணமக்கள் பிரிந்தார்கள். ஒரு நாள்கூடக் குடித்தனம் நடத்தாத அந்த இருவரின் வழக்கு, கீழ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று ஏறி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 2013 பிப்ரவரியில். இடையில் போனது கிட்டத்தட்ட பதினான்கு வருடம். இருவரின் இளமையும் அதற்குள் அடங்கிவிட்டது.

அந்தத் தீர்ப்பை எழுதும்போது நீதிபதிகள் இந்த ஒரு தம்பதியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கணவன் மனைவி தகராறு எதுவானாலும் முதல் கட்டத்திலேயே, இரண்டு பக்கமும் மனம் கல்லாகிப் போகும் முன்பே, அதைச் சமரசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று குடும்ப நீதிமன்றங்களுக்குச் சொன்னார்கள். வரதட்சணைக் கொடுமை வழக்குகளை விசாரிக்கும் குற்றவியல் நீதிமன்றங்களும், தீர்வுக்கு வழி இருந்து இருவரும் விரும்பினால் அனுப்பலாம் என்றார்கள். வழக்கு போடும் முன்பே வருகிறவர்களுக்காக, நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் தனி ஏற்பாடு வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

ஆனால் "சமரச மையத்துக்குப் போங்க" என்ற உத்தரவு கையில் வந்ததும் நம் வீடுகளில் முதலில் வருவது பயம்தான். உறவில் ஒரு பெண்ணுக்குத் துணையாக நானும் ஒருமுறை போயிருக்கிறேன். வாசல் பெஞ்சில் காத்திருந்தபோது அவளுடைய சித்தி அவள் காதருகே சொன்னார்: "என்ன சொன்னாலும் தலையாட்டிடாதடி. திரும்ப அங்க அனுப்பி வைக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க." எதிர்ப் பெஞ்சில் இருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதே எண்ணம்தான், நம்பிக்கையாக. எப்படியாவது பேசிச் சேர்த்து வைத்துவிடுவார்கள் என்று நினைத்து, பையனின் தாய்மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

இரண்டு பக்கமும் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் பேச்சில் சமாதானம், சமரசம் என்றால் நடந்ததை மறந்து கூடிப்போவது. நீதிமன்றம் சொல்லும் சமரசம் அது இல்லை. இருவரும் தாங்களாகவே ஒத்துக்கொண்டு எட்டும் முடிவுதான் அங்கே சமரசம். அந்த முடிவு சேர்ந்து வாழ்வதாகவும் இருக்கலாம், நல்லபடியாகப் பிரிவதாகவும் இருக்கலாம். குழந்தையை யார் வைத்துக்கொள்வது, நகை என்ன ஆவது, மாதச் செலவுக்கு எவ்வளவு என்பதையெல்லாம் பேசி முடித்துவிட்டுப் பிரிவதும் முழுமையான சமரசம்தான்.

சட்டமே இந்தக் குழப்பத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. இந்து திருமணச் சட்டம், விவாகரத்து கொடுக்கும் முன் தம்பதியைச் சேர்த்து வைக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்கிறது. 1984ஆம் வருடத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவோ தகராறில் ஒரு தீர்வுக்கு வரத்தான் உதவச் சொல்கிறது. குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சிலர், அதாவது ஆலோசகர் என்று ஒருவர் இருப்பார். இன்னும் ஒட்ட வழி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. இரு தரப்பையும் பேசவைத்து, அவர்களே ஒரு முடிவுக்கு வர உதவும் சமரசர் வேறு ஆள், வேறு வேலை. ஒரே கட்டடத்தில் ஒரே மாதத்தில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இருவரும் ஒன்றாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

சேலத்திலிருந்து போன வழக்கு

இந்த ஏற்பாட்டின் கதையில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டத்தில் 89ஆம் பிரிவு 1999ஆம் வருடத் திருத்தத்தில் நுழைந்து 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வழக்கை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க அனுப்பலாம் என்பது அந்தப் பிரிவு. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். நீதிமன்றம் திருத்தங்கள் செல்லும் என்றது. கூடவே, இதை எப்படி நடத்துவது என்று வகுக்க நீதிபதி ஜெகன்னாத ராவ் தலைமையில் ஒரு குழுவையும் போட்டது. அந்தக் குழு எழுதிய மாதிரி விதிகள்தான் பல மாநிலங்களில் சமரச விதிகளுக்கு அடிப்படை. எதிர்த்துப் போட்ட வழக்கிலிருந்தே வழி பிறந்தது.

2005 ஏப்ரல் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச தீர்வு மையம் திறக்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் நாட்டிலேயே முதலாவது அது. அப்புறம் மாவட்டங்களுக்கும் பரவியது. 2023இல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டமும் வந்துவிட்டது; அதன் சில பிரிவுகள் அந்த வருடம் அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

அறைக்குள் போனால் நீதிமன்றத்தின் அடையாளம் எதுவும் இருக்காது. உயரமான மேடை இல்லை, கூண்டு இல்லை. ஒரு மேசை, சுற்றிலும் நாற்காலிகள். சமரசர் பெரும்பாலும் நாற்பது மணி நேரப் பயிற்சி முடித்த வழக்கறிஞராக இருப்பார். வழக்காடும் இருவரும் அவருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, இங்கே என்ன நடக்கும், என்ன நடக்காது என்று விளக்குவார். பிறகு ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுவார். தனி அமர்வில் ஒருவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது.

நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பஞ்சாயத்தில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, தப்பு யார் மேல என்பது. பதில் கிடைத்ததும் அவர்களே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். சமரசருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே கிடையாது. யார் சொல்வது உண்மை என்று முடிவு செய்வதும் அவர் வேலை இல்லை. மகளிர் காவல் நிலையத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவதையும் இதோடு சேர்க்கக் கூடாது. 1992இல் தமிழ்நாட்டில் அந்த நிலையங்கள் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பெண்கள் முதலில் கால் வைப்பது அங்கேதான், அந்த உதவி பெரியது. ஆனால் எஃப்ஐஆர் போடட்டுமா என்ற கேள்வி மேசை மேல் இருக்கும்போது எதிரில் இருப்பவர் சொல்லும் "சரி"க்கு எவ்வளவு மதிப்பு? வெளியே வந்த மறுநாளே அந்தச் சரி கரைந்துபோவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

அறையில் பேசுவது அறையோடு நிற்க வேண்டும் என்பது இன்னொரு பெரிய பாதுகாப்பு. தீர்வு வரவில்லை என்றால், வரவில்லை என்று மட்டும்தான் சமரசர் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். யார் எவ்வளவு கேட்டார், யார் முரண்டு பிடித்தார் என்று ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் தைரியமாகப் பேச முடியும். "எட்டு லட்சம் வரைக்கும் தர்றேன்" என்று அங்கே ஒருவர் சொல்லிவிட்டால், அதை நாளைக்கு நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக எடுத்துக்காட்ட முடியாது. குழந்தை விஷயத்தில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. பொறுப்பு யாரிடம் என்பதை முடிவு செய்ய, குழந்தையோடு பேசிய கவுன்சிலரின் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2019இல் ஒரு தீர்ப்பு வந்தது. அந்த விலக்கு சரிதான் என்று படுகிறது. அந்த அறையில் தனக்காகப் பேச ஆள் இல்லாத ஒரே நபர் குழந்தைதான்.

பவுனில் நிற்கும் பேச்சு

பல குடும்பங்களில் பேச்சு முதலில் முட்டி நிற்கும் இடம் நகை. பெண் வீட்டார் எண்பது பவுன் போட்டோம் என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஐம்பதுதான் வந்தது, அதையும் அவளே எடுத்துப் போய்விட்டாள் என்பார்கள். பில் பாதிக்கு இருக்கும், பாதி பாட்டி காலத்து நகையாக இருக்கும். மண்டபத்தில் எடுத்த கல்யாண ஆல்பம்தான் ஒரே சாட்சி. பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகையும் சீரும் அவளுக்கே முழுச் சொந்தம், புகுந்த வீட்டார் வெறும் பாதுகாவலர்கள்தான் என்று 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உரிமை யாருக்கு என்பதில் சந்தேகம் இல்லை. எத்தனை பவுன், இப்போது எங்கே இருக்கிறது என்பதில்தான் முழு மல்லுக்கட்டும்.

நீதிமன்றத்தில் இதை நிரூபிக்கப் போனால் சாட்சி, குறுக்கு விசாரணை என்று வருடக்கணக்கில் இழுக்கும். சமரச அறையில் ஆல்பத்தை மேசையில் விரித்து, இது யார் போட்டது, இது எங்கே என்று ஒவ்வொன்றாகப் பேச முடியும். அப்படிப் பேசும்போதுதான் எத்தனையோ விஷயம் வெளியே வரும். மாமியார் வைத்திருக்கிறார் என்று நினைத்த ஆரம் கணவன் பெயரில் வங்கியில் அடகில் இருக்கும். கடை வைக்கவோ, தங்கை கல்யாணத்துக்கோ வைத்திருப்பார். சொல்ல வெட்கப்பட்டு இத்தனை நாள் மறைத்திருப்பார். தனி அமர்வில் சமரசரிடம் அதைச் சொல்லிவிட்டால் கேள்வியே மாறிவிடும். திருடினாயா என்பது போய், எப்போது மீட்டுத் தருவாய், இதுவரை ஏறிய வட்டி யாருடையது என்று பேச்சு நகரும்.

இதில் ஒரு நடைமுறை விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நகையைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதும்போது கிராமில் எழுத வேண்டும். எண்பது பவுன் என்றால் 640 கிராம். அதற்குப் பதில் பணம் என்றால் எந்தத் தேதி விலை என்பதையும் எழுத வேண்டும். தங்கம் ஏறும் வேகத்தில், இன்றைக்கு ரூபாயில் எழுதிக்கொண்டு ஒரு வருடம் கழித்து வாங்குகிறவர் கையில் சில பவுன் குறைந்துதான் வரும். லாக்கர் இருவர் பெயரிலும் இருந்தால் எந்த நாளில், யார் முன்னிலையில் திறப்பது என்பதும் எழுத்தில் வர வேண்டும். சின்ன விஷயமாகத் தோன்றும். ஒப்பந்தம் முறிவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான்.

தீபாவளி யாரோடு, பொங்கல் யாரோடு

நகைக்கு எடை உண்டு, கணக்குப் போட்டு முடித்துவிடலாம். குழந்தைக்கு அப்படி முடியாது. நீதிமன்றத்து உத்தரவு என்றால் பெரும்பாலும் ஒரே அச்சில் வரும்: மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, இன்ன இடத்தில் ஒப்படைக்க வேண்டும். சில அப்பாக்கள் நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தன்னை ஏறிட்டுப் பார்க்காத மகளுக்கு சாக்லெட் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மனசு கனத்துவிடும்.

நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குழந்தைக்குச் சனிக்கிழமை பாட்டு வகுப்பு இருப்பது அவருக்குத் தெரியாது. அப்பா வழித் தாத்தாவோடுதான் அவள் சதுரங்கம் ஆடுவாள் என்பதும் தெரியாது. பெற்றவர்களுக்குத் தெரியும். இந்த விஷயத்தில் சமரசத்தின் பலமே அதுதான். தீபாவளி அம்மாவோடு, பொங்கல் அப்பாவின் ஊரில், அடுத்த வருடம் மாற்றி. முழுப் பரீட்சை லீவில் பாதிப் பாதி. இராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால், பத்து நிமிடம், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காமல். காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் இரு வீட்டாரும் வரலாமா, வந்தால் செலவு யாருடையது என்பதைக்கூட எழுதிக்கொள்ளலாம். எந்தத் தீர்ப்பிலும் இதெல்லாம் வராது.

விட்டுப்போகும் சில விஷயங்கள் பின்னால் பெரிய தலைவலி ஆகும். பள்ளிக்கூடம் மாற்ற வேண்டி வந்தால் யார் முடிவு செய்வது? பாஸ்போர்ட்டுக்கு இன்னொருவர் கையெழுத்துக் கொடுப்பாரா? குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் எந்தப் பக்கம்? கணவன் சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்தால் இந்தக் கேள்விகள் இரண்டு மடங்கு முக்கியம். இன்னொன்று: "எனக்கு ஒண்ணும் வேணாம், விட்டாப் போதும்" என்று சொல்லும் அம்மாக்கள் உண்டு. தன் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுப்பது அவர் விருப்பம். குழந்தைக்குச் சேர வேண்டிய பராமரிப்பை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. அது குழந்தையின் சொத்து.

எவ்வளவு என்று பேசும் முன் இருவருடைய வரவு செலவும் தெரிய வேண்டும் அல்லவா? 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி செய்தது. ஜீவனாம்ச வழக்குகளில் இருவருமே சம்பளம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். சமரசத்துக்குப் போகும் முன்பே அதை வாங்கிப் படித்துவிட்டுப் போவது நல்லது. கணவனின் சம்பளம் எவ்வளவு என்றே தெரியாமல் உட்காரும் மனைவி, பேரம் தொடங்கும் முன்பே தோற்றுவிடுகிறார்.

கையெழுத்துப் போடும் முன்

எல்லாம் பேசி முடிந்து பிரிவது என்று ஆனால், வழக்கறிஞர்கள் சொல்வது போல "மியூச்சுவல்ல போயிடலாம்." இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனமொத்த விவாகரத்து கேட்க, குறைந்தது ஒரு வருடமாவது பிரிந்திருக்க வேண்டும். மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருந்து மறுபடி சம்மதம் சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு, மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சேர்த்து வைக்கும் முயற்சி தோற்றிருக்க வேண்டும், பணம், குழந்தை எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். ஆக, சமரசத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போகிறவர்களுக்குக் காத்திருப்பும் குறையலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டாவது சம்மதத்துக்கு முன் யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம் என்பது 1991லிருந்து இருக்கும் சட்ட நிலை. முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்ட கணவன் மாட்டிக்கொள்வதும் உண்டு, எல்லாக் கையெழுத்தையும் போட்டுக்கொடுத்துவிட்டுப் பணத்துக்காக அலையும் மனைவியும் உண்டு. அதனால்தான் தவணையாகப் பிரித்து எழுதுகிறார்கள். மனு தாக்கலில் ஒரு பங்கு, இரண்டாவது சம்மதத்தின்போது ஒரு பங்கு, குற்ற வழக்கு ரத்தாகும்போது மிச்சம், எல்லாம் டிடியாக.

குற்ற வழக்கு என்றதும் பலர் தடுமாறுகிறார்கள். மனைவியைக் கணவனும் அவன் வீட்டாரும் கொடுமைப்படுத்துவதற்கான பழைய தண்டனைச் சட்டத்துப் பிரிவு 498ஏ, அதாவது இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு, இரண்டு பேரும் பேசிக்கொண்டு தாங்களே முடித்துக்கொள்ளக்கூடிய வழக்கு அல்ல. சமரச மையத்தில் "வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதினால் மட்டும் அது போய்விடாது. உயர் நீதிமன்றத்தில் மனு போட்டு ரத்து செய்ய வேண்டும்; குடும்பத் தகராறு தீர்ந்துவிட்டால் அப்படி ரத்து செய்யலாம் என்று 2003லிருந்து தீர்ப்புகள் இருக்கின்றன. அந்த மனுவை யார் போடுவது, செலவு யாருடையது, அன்றைக்கு அவர் நேரில் வருவாரா என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், விவாகரத்து கிடைத்த பிறகும் ஒருவர் வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருப்பார்.

சரி, எல்லாருக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. அடி வாங்கிய பெண்ணை அடித்தவன் எதிரில் உட்காரவைத்துப் பேசச் சொல்வது தீர்வு ஆகாது. அவன் கண்ணைச் சுருக்கினாலே அவளுக்கு வாய் அடைத்துவிடும், அங்கே சொல்லும் சம்மதம் சம்மதமே இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பு உத்தரவும் இருப்பிட உரிமையும் முதலில் கையில் வரட்டும். அதற்கு அப்புறம், அவள் விரும்பினால் மட்டும், தனித்தனி அமர்வுகளாகப் பேசலாம். அங்கே ஒரு முடிவுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பயமாக இருக்கிறது என்று சமரசரிடம் தனியாகச் சொல்லலாம், வழக்கறிஞரைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், எழுந்து வந்துவிடலாம்.

எல்லாச் சமரசர்களும் இதைக் கவனிக்கிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். "குழந்தை முகத்தைப் பாரும்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று அந்த மேசையிலும் குரல் கேட்கத்தான் செய்கிறது. எங்கள் உறவுப் பெண்ணும் முதல் அமர்வில் அதைக் கேட்டாள். அன்றைக்கு அவள் அழுதுகொண்டே வெளியே வந்ததை நான் மறக்கவில்லை. இரண்டாவது அமர்வில், "சேர்ந்து வாழ்வதைப் பற்றிப் பேச நான் வரவில்லை, பிரிவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்" என்று நிதானமாகச் சொன்னாள். அதற்கு அப்புறம்தான் உண்மையான பேச்சு தொடங்கியது. ஐந்தாவது அமர்வில் முடிந்தது.

முடியாமல் போயிருந்தாலும் அவள் எதையும் இழந்திருக்க மாட்டாள். வழக்கு நின்ற இடத்திலிருந்து மறுபடி நீதிமன்றத்தில் ஓடும். அறையில் பேசியது எதுவும் வழக்குக் கோப்பில் ஏறாது. விசாரணை நடுவிலோ மேல்முறையீட்டிலோ இருவருக்கும் மனம் வந்தால், மறுபடி அனுப்புங்கள் என்று நீதிபதியிடம் கேட்கவும் செய்யலாம்.